ஒஸ்ரின் காரின் பிறேக் போல்ட்டும் ஜோசப் விட்வேர்த்தும்

வடக்கில் பழைய கார் திருத்தும் கராச் ஒன்றில் அரை நாள் நின்றால் விட்வேர்த் என்ற சொல் பல தடவை காதில் விழும். விட்வேர்த் சாவி, விட்வேர்த் நட்டு, விட்வேர்த் மரை. அங்கே அது ஒரு ஸ்பானர் செற்றின் பெயராகவே புழங்குகிறது. ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் ஆயுள் முழுக்கக் கழற்றிப் பூட்டியவர்கள்கூட அது ஒரு மனிதரின் பெயர் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த மனிதர் 1887 ஆம் ஆண்டு இறந்தார். பெற்றோலில் ஓடும் காருக்கு ஜேர்மனியில் கார்ல் பென்ஸ் உரிமம் கேட்டு அப்போது ஒரு வருடமளவில்தான் ஆகியிருந்தது. ஆகவே எங்கள் தெருக்களில் ஓடிய எந்தக் காரையும் விட்வேர்த் கண்டதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக் கார் ஒன்றின் பிறேக்குக்கு நான்கு போல்ட் தேடிப் பல வாரம் அலைந்தபோது, ஒவ்வொரு கடையிலும் அவரது பெயர்தான் என் முன்னால் வந்து நின்றது. அதன்பிறகே அவரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, இது போர் பார்த்த மக்களுக்குச் சொல்லவேண்டிய வாழ்க்கை என்று தோன்றியது. காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

கலைந்த வீடு

ஜோசப் விட்வேர்த் 1803 டிசெம்பர் 21 ஆம் திகதி இங்கிலாந்தின் ஸ்ரொக்போர்ட் நகரில் பிறந்தார். மன்செஸ்ரருக்குப் பக்கத்து ஊர் அது. தந்தை பள்ளிக்கூட ஆசிரியர். ஜோசப் சிறுவனாக இருக்கும்போதே தாய் இறந்துபோனார். தந்தை மதகுருவாகும் பாதையில் போக, வீடு கலைந்தது. 14 வயதில் பையனை டேர்பிசயரில் பஞ்சாலை வைத்திருந்த மாமனிடம் ஒப்படைத்தார்கள். தொழில் பழகி, பின்னாளில் அந்த ஆலையிலேயே நல்ல நிலைக்கு வருவான் என்பது பெரியவர்களின் கணக்கு.

பையனின் கண் நூலில் போகவில்லை. நூல் நூற்கிற இயந்திரத்திலேயே நின்றது. அவை எவ்வளவு ஒழுங்கீனமாகச் செய்யப்பட்டிருந்தன என்பதும் அவனுக்குத் தெரிந்தது. உருளை வட்டமாக இல்லை. தட்டையென்று சொல்லப்பட்டது தட்டையாக இல்லை. தேய்ந்த ஒரு பாகத்துக்குப் பதிலாகப் புதியது வந்தால், அதை அரத்தால் ராவி ராவித்தான் பொருத்தவேண்டும். 18 வயதளவில் அவன் மாமனிடம் சொல்லாமலே ஓடிப்போய் மன்செஸ்ரரில் ஒரு பட்டறையில் சாதாரண மெக்கானிக்காகச் சேர்ந்தான்.

1825 இல் பானி அங்கேர்ஸ் என்ற பெண்ணை மணந்தார். கால்வாயில் சரக்குப் படகு ஓட்டியவரின் மகள். அதே ஆண்டில் இருவரும் லண்டனுக்குப் போனார்கள். அந்த நாளில் இயந்திரத் தொழிலின் தலைமைப் பள்ளிக்கூடம் போல இருந்த ஹென்றி மோட்ஸ்லேயின் பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. பின்னர் ஜோசப் கிளெமென்டிடமும் வேலை செய்தார். சார்ள்ஸ் பாபேஜ் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்தின் பாகங்களைச் செய்துகொடுத்தவர் அந்தக் கிளெமென்ட்தான்.

மூன்று தட்டுகள்

லண்டனில் இருக்கும்போது விட்வேர்த் தீர்த்த முதல் சிக்கல், கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஒரு இரும்புத் தட்டு உண்மையிலேயே தட்டையானதா என்று எப்படி அறிவது? இன்னொரு தட்டை மேலே வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒன்று மெல்லியதாகக் குழிந்தும் மற்றது அதே அளவுக்குப் புடைத்தும் இருந்தால், இரண்டும் அழகாக ஒட்டிக்கொள்ளும். இரண்டுமே பிழையாக இருந்தும், ஒன்றுக்கொன்று சரியாகத் தெரியும்.

மூன்றாவது தட்டைக் கொண்டு வந்தால் அந்த ஏமாற்று நடக்காது. முதலாவது இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும், மூன்றாவது முதலாவதோடும் ஒட்டவேண்டும் என்றால், மூன்றும் தட்டையாக இருந்தே ஆகவேண்டும். ஒரு தட்டில் வர்ணத்தைப் பூசி மற்றதன்மேல் தேய்த்து, வர்ணம் ஒட்டிய மேடுகளைக் கையால் சுரண்டி எடுத்து, மீண்டும் மீண்டும் ஒப்பிடுவது அவரது முறை. மற்றவர்கள் இரண்டு தட்டையும் மணல் போட்டு ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்த காலம் அது. 1840 இல் கிளாஸ்கோவில் நடந்த அறிவியல் கூட்டம் ஒன்றில் இதைக் கட்டுரையாக வாசித்தார். அளவுத் தட்டுக்கும் லேத் படுக்கைக்கும் கையால் சுரண்டும் வழக்கம் இன்றும் அழியவில்லை.

1833 இல் அவர் மன்செஸ்ரருக்குத் திரும்பி, சோர்ல்ட்டன் வீதியில் சொந்தப் பட்டறை திறந்தார். அவர் செய்து விற்றது மற்றவர்கள் இயந்திரம் செய்வதற்கு வேண்டிய கருவிகளை: லேத், துளையிடும் இயந்திரம், இழைப்பு இயந்திரம். பஞ்சாலைகளும் றெயில் கம்பனிகளும் பெருகிக்கொண்டிருந்த காலம் என்பதால் அவரது பட்டறையும் வளர்ந்தது.

ஊருக்கு ஒரு மரை

அந்த நாட்களில் ஒரு நட்டைத் தொலைப்பது சின்ன விசயம் அல்ல. ஒவ்வொரு பட்டறைக்கும் சொந்த மரை இருந்தது. ஒரு அங்குல நீளத்தில் எத்தனை சுற்று, ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு ஆழம், பள்ளத்தின் கோணம் என்ன என்பதெல்லாம் அந்தந்தப் பட்டறையின் விருப்பம். ஒரு பட்டறையின் போல்ட்டுக்கு இன்னொரு பட்டறையின் நட்டு ஏறாது. ஒரே பட்டறையில் செய்த நட்டுக்கூட அதன் சோடி போல்ட்டுக்குத்தான் சரிவரும் என்பதால், கழற்றும்போது சோடி மாறாமல் குறி போட்டு வைப்பார்கள். றெயில் என்ஜின் ஒன்று தூர ஊரில் பழுதாகி நின்றால், அதைச் செய்த பட்டறையிலிருந்தே போல்ட் வரவேண்டும்.

விட்வேர்த் இங்கிலாந்தின் முக்கியமான பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார். ஒவ்வொன்றையும் அளந்து எழுதினார். எது சரி, எது பிழை என்று வாதாடாமல், எல்லாருடைய வழக்கத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு அளவை எடுத்தார். 1841 இல் லண்டனில் சிவில் பொறியியலாளர் நிறுவனத்தில் அதைப் படித்தார். மரையின் கோணம் எப்போதும் 55 பாகை. உச்சியும் அடியும் வளைவாக இருக்கவேண்டும். கால் அங்குலப் போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 சுற்று, அரை அங்குலத்துக்கு 12, ஒரு அங்குலத்துக்கு 8. இப்படி ஒவ்வொரு பருமனுக்கும் ஒரே ஒரு எண்.

அவர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதற்கு அவரிடம் அதிகாரமும் இல்லை. ஆனால் நடு அளவு என்பதால் எந்தப் பட்டறைக்கும் அது முழு அந்நியமாகத் தெரியவில்லை. றெயில் கம்பனிகள் ஏற்றுக்கொண்டன. இருபது வருடத்துக்குள் பிரித்தானியா முழுவதும் பரவியது. பிறகு பிரித்தானியாவின் என்ஜின்களும் ஆலை இயந்திரங்களும் கப்பலேறிய இடமெல்லாம் அந்த மரையும் போனது. இலங்கைக்கும் அப்படியே வந்தது.

நான்கு போல்ட்டின் கதை

பெரியப்பாவின் கார் 1950களின் ஆரம்பத்து ஒஸ்ரின் ஏ40. பொருளாதாரத் தடைக் காலத்தில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் பக்கத்தில் இது தெரியாத வீடு இல்லை. பிள்ளைப்பேறுக்கும், காயக்காரரை ஏற்றவும், இடப்பெயர்வுக்கும், சாவீட்டுக்கும் ஓடிய கார்கள் அவை. புதிய கார்கள் பெற்றோலும் உதிரிப்பாகமும் இல்லாமல் படுத்தபோது இந்தக் கிழங்கள்தான் ஓடின.

இரண்டு வருடத்துக்கு முன்னர் பெரியப்பா அதைத் திரும்ப வீதிக்கு விட ஆசைப்பட்டார். எஞ்சின் பெரிய கரைச்சல் தரவில்லை. கரைச்சல் பிறேக்கில் வந்தது. சக்கரத்தின் உள்ளே பிறேக் சிலிண்டரையும் சப்பாத்தையும் தாங்கி நிற்கிற தட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் இரண்டு கழற்றும்போதே முறிந்தன. மற்ற இரண்டும் மரை தேய்ந்து வழுக்கின.

கழற்றிய நான்கு போல்ட்டையும் மேசையில் வைத்துப் பார்த்தபோது அவை நான்கும் ஒரே இனம் இல்லை என்று தெரிந்தது. ஒன்று காரோடு வந்தது. ஒன்று உழவு இயந்திரத்தின் போல்ட். ஒன்று யாரோ லேத்தில் கடைந்தது. ஒன்றின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. தடைக் காலம் முழுவதும் அந்தச் சக்கரத்தில் எழுதியிருந்தது. கிடைத்ததைப் போட்டு, ஆட்களை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள்.

கடைகளில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் மில்லிமீற்றர் போல்ட். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 3/8 அங்குலம் என்பது 9.5 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். 10 மில்லிமீற்றர் போல்ட்டைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு கடையில் 3/8 துவாரத்தைத் துளைத்துப் பெருப்பித்து 10 மில்லிமீற்றருக்கு மரை வெட்டலாம் என்றார்கள். பெரியப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். இருக்கிற இரும்பைக் குறைத்துவிட்டுப் பிறேக்கை நம்பச் சொல்கிறார்களே என்பது அவரது கவலை. மறுபக்கத்தில், அங்குலப் போல்ட்டை மில்லிமீற்றர் நட்டுக்குள் விட்டால் தளர்வாக ஏறும், இறுகியதுபோலக்கூடக் காட்டும். பிறேக்கை ஓங்கி மிதிக்கும் நாளில் அதன் மரை மொத்தமாக உரிந்துகொண்டு வரும்.

அங்குலத்துக்குள்ளேயும் குழப்பம் உண்டு. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. விட்வேர்த்தின் மரை சுற்றுக் குறைந்த, பெரிய மரை. அதிர்வு கூடிய கார்களுக்கு அது போதாது என்று, 1908 இல் அதே 55 பாகைக் கோணத்தை வைத்துக்கொண்டு நுண்ணிய மரை ஒன்றைப் பிரித்தானியா கொண்டுவந்தது. இதை பி.எஸ்.எப். என்பார்கள். அமெரிக்கா வேறு வழியில் போயிருந்தது. 1864 இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 60 பாகைக் கோணமும் தட்டை உச்சியும் கொண்ட மரையை முன்வைத்தார். வெட்டுவதற்கு அது இலகு. இரண்டாம் உலகப் போரில் இந்த இரண்டு மரைகளும் முட்டிக்கொண்டன. ஒரே பக்கத்தில் நின்று சண்டை பிடித்த நாடுகள் ஒன்றின் போல்ட்டை மற்றது பாவிக்க முடியாமல் தவித்தன. 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா மூன்றும் 60 பாகைக் கோணத்தில் ஒரே மரைக்கு உடன்பட்டன. அதன் நுண்ணிய வகைதான் யூ.என்.எப்.

ஆகவே 1940களின் கடைசியிலும் 1950களின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட பிரித்தானியக் கார் ஒன்றைக் கழற்றுகிறவர், இரண்டு யுகத்தின் நடுவில் நிற்கிறார். 3/8 அங்குலத்தில் பி.எஸ்.எப். என்றால் அங்குலத்துக்கு 20 சுற்று, யூ.என்.எப். என்றால் 24. கால் அங்குலத்தில் 26 உம் 28 உம். இரண்டு மூன்று சுற்று ஏறிவிட்டு இறுகும். இறுகியது சரியாக என்று நினைத்து ஸ்பானரை இன்னும் அழுத்தினால் இரண்டு மரையும் நாசம். சாவியிலும் இதே குழப்பம். விட்வேர்த் சாவியில் போட்டிருக்கும் எண் போல்ட் தண்டின் பருமன். அமெரிக்க வகைச் சாவியில் போட்டிருப்பது நட்டின் அகலம். அதனால்தான் கால் என்று எழுதிய இரண்டு சாவிகள் அளவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கின்றன.

யூ.என்.எப். போல்ட்டின் தலையில் சின்ன வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாகப் பொறித்திருக்கும். அது இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. இல்லாவிட்டால் மரை அளக்கும் கேஜ் வேண்டும். பல்லுப் பல்லாக இருக்கும் மெல்லிய தகடுகள் அவை. மரையோடு வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால், இடையில் வெளிச்சம் தெரியாத தகடுதான் சரியானது.

எங்களுடைய காரோடு வந்த போல்ட் 20 இல் ஒட்டியது. அதாவது பி.எஸ்.எப். பழைய நீர் இறைக்கும் இயந்திரங்களை உடைத்து விற்கும் இடமொன்றில் இரண்டு கிடைத்தன. பருமனும் மரையும் சரி. ஆனால் பிறேக்குக்குப் பருமனும் மரையும் மட்டும் போதாது. இரும்பின் தரமும் வேண்டும். சாதாரண இரும்புப் போல்ட் இழுவையில் நீளும், வெட்டுப்படும். அந்த இரண்டையும் வாங்காமலே வந்தோம். கடைசியில் லண்டனில் இருக்கும் உறவினர் ஒருவர், பழைய கார்க்காரருக்கென்றே போல்ட் விற்கும் கடையில் உயர் இழுவைத் தரத்தில் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரின் கையில் கொடுத்து அனுப்பினார். ஒரு சின்னப் பொலித்தீன் பையில் நான்கு போல்ட். விரலாலேயே கடைசிவரை ஏறின.

அவை செய்யப்பட்ட இடத்துக்கும் எங்கள் முற்றத்துக்கும் இடையில் பல ஆயிரம் மைல். போல்ட் செய்தவர் அந்தத் துவாரத்தைக் கண்டதில்லை. துவாரம் வெட்டியவர் 70 வருடத்துக்கு முன்னர் பேர்மிங்காம் பக்கத்துத் தொழிற்சாலையில் நின்றவர். இருவருக்கும் பொதுவாக இருந்தவை சில எண்கள் மட்டும்.

பத்து இலட்சத்தில் ஒன்று

விட்வேர்த் அந்த எண்களோடு நிற்கவில்லை. ஒரு எண்ணை எல்லாரும் ஒப்புக்கொண்டால் போதாது, எல்லாரும் அதை ஒரேமாதிரி அளக்கவும் வேண்டும் என்று கண்டார். 1851 இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அவரது கருவிகள் குவிந்திருந்தன. அங்குலத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைக் காட்டும் அளவு இயந்திரமும் அவற்றுள் ஒன்று.

அதன் கணக்கு எங்களுக்கும் விளங்கக்கூடியதுதான். அங்குலத்துக்கு 20 சுற்றுள்ள ஒரு திருகு. அதைச் சுற்றும் சக்கரத்துக்கு 200 பல். அந்தச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகர்த்தும் இன்னொரு சக்கரத்தின் விளிம்பில் 250 கோடு. 20 ஐ 200 ஆல் பெருக்கி, அதை 250 ஆல் பெருக்கினால் பத்து இலட்சம். ஒரு கோடு நகர்த்தினால் அங்குலத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இதை இயக்கும் இதயமும் ஒரு திருகுதான்.

1853 இல் அவரைப் பிரித்தானிய அரசு அமெரிக்காவுக்கு அனுப்பியது. நியூயோர்க் கண்காட்சியைப் பார்க்கப் போனவர் அங்கத்தைய தொழிற்சாலைகளையும் சுற்றிப் பார்த்தார். ஒரு துப்பாக்கியின் பாகத்தை இன்னொரு துப்பாக்கியில் மாற்றிப் போடும் முறை அமெரிக்க ஆயுதத் தொழிற்சாலைகளில் முன்னேறியிருந்தது. திரும்பி வந்து அதைப் பற்றி அறிக்கை எழுதினார்.

துப்பாக்கி

இந்த இடத்தில்தான் அவரது வாழ்க்கை எங்களை வேறு விதமாகத் தொடுகிறது.

1854 இல் பிரித்தானியா கிரிமியப் போரில் இறங்கியது. பிரித்தானியக் கடற்படைக்கு அவசரமாகப் பீரங்கிப் படகுகள் தேவைப்பட்டன. ஜோன் பென் என்ற எஞ்சின் தயாரிப்பாளர், தனது எஞ்சினைக் கழற்றிப் பாகங்களைப் பல பட்டறைகளுக்கு மாதிரியாக அனுப்பி, செய்துவந்ததைச் சேர்த்துப் பூட்டி, 90 நாட்களில் 90 எஞ்சின்களைக் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. எல்லாப் பட்டறையும் ஒரே மரையில் வேலை செய்ததால் அது முடிந்தது. மரையின் பெருமையைச் சொல்கிறவர்கள் இன்றும் முதலில் சொல்லும் கதை, ஒரு போர்க் கதைதான்.

அதே காலத்தில் படையினரின் என்பீல்ட் துப்பாக்கியைத் திருத்தித் தரும்படி அரசு விட்வேர்த்தைக் கேட்டது. அவருக்குத் துப்பாக்கி தெரியாது, அளக்கத்தான் தெரியும். மன்செஸ்ரரில் தன் வீட்டோடு 500 யார் நீளமான மூடிய சுடுதளம் ஒன்றைக் கட்டி, குண்டு காற்றில் எப்படிப் போகிறது என்பதைப் படிப்படியாகச் சோதித்தார். முடிவில் குழாயின் உட்பக்கத்தை வட்டமாக விடாமல் அறுகோணமாக முறுக்கினார். குழாயின் விட்டம் 0.451 அங்குலம். 20 அங்குலத்துக்கு ஒரு முழு முறுக்கு. குண்டும் அறுகோணம். ஒரு நட்டையும் போல்ட்டையும் போலவே அவர் துப்பாக்கியையும் குண்டையும் யோசித்திருக்கிறார்.

1857 இல் நடந்த சோதனைகளில் அது என்பீல்டைத் தூரத்திலும் குறியிலும் வெகுவாக மிஞ்சியது. 1860 இல் விம்பிள்டனில் நடந்த முதல் துப்பாக்கிச் சுடும் போட்டியைத் தொடக்கிவைக்க, விக்ரோறியா மகாராணி 400 யார் தூரத்தில் முதல் வெடியைத் தீர்த்தது விட்வேர்த் துப்பாக்கியால்தான். தாங்கியில் பூட்டி வைத்த துப்பாக்கி. மகாராணி கயிற்றை இழுத்ததோடு சரி. குண்டு இலக்கின் நடுவிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் பட்டது.

ஆனால் பிரித்தானிய இராணுவம் அதை ஏற்கவில்லை. விலை கூட. ஒடுங்கிய குழாயில் வெடிமருந்துக் கரி விரைவாகப் படிந்தது. வாங்கியவர்கள் வேறு ஆட்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலங்களின் குறிசுடுநர்கள் அதைத் தோளில் தூக்கினார்கள். 1864 மே 9 ஆம் திகதி ஸ்பொட்சில்வேனியாவில் வடபகுதிப் படைத் தளபதி ஜோன் செட்ஜ்விக் தூரத்திலிருந்து வந்த ஒரு குண்டில் விழுந்தார். அது விட்வேர்த் துப்பாக்கியின் குண்டு என்று பரவலாக நம்பப்படுகிறது. முந்திய ஆண்டு கெட்டிஸ்பேர்க் சண்டையில் அவரது பீரங்கிகள் இரண்டு தென்பகுதிப் படையிடம் இருந்தன. அந்த வகைப் பீரங்கிகளை அந்தப் போர்க்களத்தில் இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

குறிசுடுநர் என்ற சொல் எங்களில் பலருக்கு அகராதிச் சொல் அல்ல. தோட்ட வரம்பைக் கடக்கக் குனிந்து ஓடியவர்கள், இரவில் விளக்கைத் துணியால் மறைத்தவர்கள் இதை வாசிக்கிறீர்கள். தூரத்தில் இருந்து ஒரு ஆளைத் தெரிந்தெடுத்துச் சுடுவதற்கு, முதலில் ஒருவர் குழாயைத் துல்லியமாகக் கடையவேண்டும். அதை உலகில் முதன்முதலில் நன்றாகச் செய்தவர்களில் ஒருவர் விட்வேர்த். தன் கருவி எந்தத் தோளுக்குப் போனது என்பதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட்டதாக நான் வாசித்ததில் எதுவும் தெரியவில்லை. கடைசிக்காலம்வரை அவரது தொழிற்சாலை பீரங்கிகளும் குண்டுகளும் செய்தது. உருகிய எஃகை அழுத்தத்துக்குள் இறுகவைத்துப் பலமான வார்ப்பு எடுக்கும் முறையையும் அவர் பீரங்கிக் குழாய் வெடிக்காமல் இருக்க வழி தேடித்தான் கண்டுபிடித்தார். அவர் இறந்து பத்து வருடத்தின் பின்னர், 1897 இல், அவரது கம்பனி இன்னொரு பெரிய ஆயுத உற்பத்தியாளரான ஆம்ஸ்ட்ரோங்கின் கம்பனியோடு இணைந்தது.

படிக்காத பிள்ளைகளுக்கு

1868 இல் அவர் வருடத்துக்கு 100 பவுண் வீதம் 30 புலமைப்பரிசில்களை ஏற்படுத்தினார். அந்தப் பரிசிலில் ஒரு விசேடம் இருந்தது. ஏட்டுக் கல்வி மட்டும் போதாது. கையால் வேலை செய்யத் தெரிந்திருக்கவேண்டும். பட்டறையில் பழகுநராக நிற்கும் பையன் படிக்க வரவேண்டும், படித்த பையன் அரத்தைப் பிடிக்கவேண்டும் என்பது நோக்கம். மாமனின் ஆலையை விட்டு ஓடிவந்த ஒருவர் ஏற்படுத்திய பரிசில் என்று நினைக்கும்போது அதன் நிபந்தனைகள் விளங்குகின்றன. விட்வேர்த் புலமைப்பரிசில் பிரித்தானியாவில் இன்றும் வழங்கப்படுகிறது.

1869 இல் அரசு அவருக்கு பரனெற் பட்டம் கொடுத்தது. அடுத்த ஆண்டு பானி இறந்தார். 1871 இல் மேரி லூயிசா ஒறெல் என்பவரை மணந்தார். பிள்ளைகள் இல்லை. டேர்பிசயரில் டார்லி டேல் என்ற ஊரில் பெரிய வீடும் தோட்டமும் அமைத்து வாழ்ந்தார். 1874 இல் தொழிற்சாலையைக் கம்பனியாக்கியபோது, வேலை செய்தவர்களும் பங்கு வாங்க வழி வைத்தார். உடல் தளர்ந்த பிறகு குளிர்காலத்தைத் தெற்கே கழிக்கப் போவது வழக்கம். 1887 ஜனவரி 22 ஆம் திகதி மொன்ரே கார்லோவில் இறந்தார். உடலை டார்லி டேலுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

சொத்தின் பெரும்பகுதியைப் பொது நன்மைக்குச் செலவிடும்படி நம்பிக்கையானவர்களிடம் விட்டுப்போனார். அந்தப் பணத்தில் மன்செஸ்ரரில் அவரது பெயரில் ஓவியக்கூடமும் பூங்காவும் வந்தன. இன்று ஐரோப்பாவின் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் ஒன்றான கிறிஸ்ரி மருத்துவமனைக்கும் அந்தப் பணம்தான் அடித்தளம். பீரங்கி விற்ற காசும் லேத் விற்ற காசும் அதில் பிரிக்கமுடியாமல் கலந்தே இருக்கின்றன.

அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ ஒரு பக்கத்தில் நிறுத்த நான் முயலவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு இடத்துக்குப் போல்ட் வருவதைத் தடுக்கலாம். எங்களுக்குத் தடுத்தார்கள். சீமெந்தும் பற்றரியும் எரிபொருளும் வராதபோது வாகன உதிரிப்பாகமும் வரவில்லை. ஆனால் 55 பாகை, அங்குலத்துக்கு 20 சுற்று என்பதைச் சோதனைச் சாவடியில் பறிக்கமுடியவில்லை. அது எங்கள் லேத்காரரின் தலைக்குள் இருந்தது. உடைந்த எதையோ உருக்கியோ வெட்டியோ, அந்த எண்ணுக்குக் கடைந்து கொடுத்தார்கள். பெரியப்பாவின் சக்கரத்தில் இருந்த நான்கில் ஒன்று அப்படி வந்தது. யார் கடைந்தது என்று அவருக்கு நினைவில்லை. கேஜை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை.

அப்படிக் கடைந்தவர்களில் பலர் இப்போது இல்லை. சிலர் கனடாவிலும் பிரான்சிலும் வேறு வேலை செய்து ஓய்வு பெற்றுவிட்டார்கள். சிலர் போரோடு போனார்கள். விட்வேர்த்தின் வாழ்க்கையை எழுதி வைத்திருக்கிறார்கள். அவரது பட்டறையின் வீதிப் பெயர்கூட எங்களுக்குத் தெரிகிறது. எங்கள் லேத்காரரின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் கதைக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதிவிடுங்கள். எந்த வருடம், எந்த வாகனத்துக்கு, எந்த இரும்பில், எந்த மரை வெட்டினார் என்று கேளுங்கள். அவர்களில் பலருக்கு அந்த எண்கள் இன்னும் மறந்திருக்காது.